எண்கள் ஒத்துப்போன வண்டி

மாப்ள,

நேற்றுக் காலையில் பக்கத்து ஷெட்டில் பச்சைப் பெயிண்ட் கலக்கினார்கள். சாதாரணப் பச்சை இல்லை, பட்டாளத்துப் பச்சை. தின்னரோடு சேர்ந்து அது காற்றில் ஏறும்போது வரும் வாசனை உனக்குத் தெரியும். மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், நீ மட்டும் அதை இழுத்து மோந்துகொண்டே டீ குடிப்பாய். நீ போன இந்த இரண்டு வருஷம் நான்கு மாதத்தில் கப்பலூரில் அந்த வாசனை ஒருநாளும் என் பக்கம் வந்ததில்லை. வந்ததும் கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் முருகேசன் வந்தான். பக்கத்து ஷெட்டை இப்போது எடுத்திருப்பவன். உனக்குத் தெரியாத ஆள், நல்ல உழைப்பாளி.

"அண்ணே, ஒரு யுத்த காலத்து லாரி கெடச்சிருக்கு. பெயிண்ட் அடிச்சு மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். பின்னாடி இருபது பேரு நின்னு ஆடிக்கிட்டே வரலாம்ல. நம்பரப் பாத்து எந்த வருசத்து வண்டின்னு சொல்லுங்கண்ணே. மதுரையில அது உங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்னாங்க."

ரெண்டு பேருக்கு. கம்பி பிரஷ்ஷையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போனேன். வலது பக்கம், முன் சக்கரத்துக்கு மேலே, சேஸி இரும்பில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு விரலை வைத்தேன். பென்சிலுக்கு வேலை இருக்கவில்லை. அந்த எண்ணைத் தொழிற்சாலையில் யாரும் அடிக்கவில்லை. நான் அடித்தது. ஒருவனுக்குத் தன் கையெழுத்து தெரியாமல் போகுமா?

இது உனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் உன்னிடம் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒரே விஷயம் இதுதான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் இல்லேங்கிற தைரியத்துல எழுதுறியா என்று நீ கேட்பாய். ஆமாம், அந்தத் தைரியம்தான்.

நீ என் ஷெட்டுக்கு முதல் தடவை வந்த நாள் நினைவிருக்கிறதா? பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டியை ஒன்பது மணிக்கே சாத்திவிட்டு, வேட்டியில் வெங்காயச் சருகு ஒட்டியிருக்க, டூவீலரில் வந்து நின்றாய். சட்டைப் பையிலிருந்து ஒரு செலோ டேப் துண்டை எடுத்துக் காட்டினாய். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குச் சேஸி நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்போமே, அது. எண்ணின் மேல் பென்சிலைத் தேய்த்து, டேப்பை ஒட்டி உரித்தால் எண் அப்படியே டேப்பில் ஏறிவிடும். "இது எங்கப்பா ஓட்டுன லாரி. ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்புல கெடக்கு. எந்த வருசம்னு தெரியணும்" என்றாய். நான் மெக்கானிக், ஜோசியக்காரன் இல்லை என்றேன். நீ கோபித்துக்கொள்ளாமல் மறுநாள் ஒரு சிப்பம் சின்ன வெங்காயத்தோடு வந்து, "இப்பவாச்சும் சொல்லு மாப்ள" என்றாய். அன்றிலிருந்து நீ எனக்கு மாப்ள, நான் உனக்கு மாப்ள. உன் மனைவி எனக்குத் தங்கச்சி ஆனாள், உன் மகள் பவித்ராவுக்கு நான் மாமா ஆனேன். சொந்தம் என்று எனக்கு மதுரையில் அதற்குமுன் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் அலைந்த அலைச்சல்! யுத்தம் முடிந்ததும் வெள்ளைக்காரன் கப்பலில் திருப்பி ஏற்றாமல் ஏலத்தில் விட்டுப் போன லாரிகள், மரம் ஏற்றி, கல் ஏற்றி, கிணறு தோண்டும் கம்ப்ரசரைச் சுமந்து, கடைசியில் ஏதோ ஒரு தோப்பிலோ சூளையிலோ சக்கரம் புதைந்து நிற்கும். டேஷ்போர்டில் தயாரித்த தேதியோடு ஒரு தகடு இருந்திருக்கும். பித்தளை என்றால் எப்போதோ எடைக்குப் போயிருக்கும். மிஞ்சுவது சேஸியில் ஓர் எண், எஞ்சினில் ஓர் எண். தகடும் எண்ணும் சேர்ந்து பிழைத்த வண்டி ஒன்று கிடைத்துவிட்டால் உனக்குத் தீபாவளி. இந்த எண் நாற்பத்திரண்டின் கடைசி, அந்த எண் நாற்பத்து நான்கின் தொடக்கம் என்று நோட்டில் எழுதிக்கொள்வாய். தகடு இல்லாத வண்டியின் எண் அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே விழுகிறது என்று பார்த்து மாதம்வரை சொல்வாய்.

"எஞ்சின் பேச்சை மட்டும் நம்பாத மாப்ள. அது பாதியில வந்து சேர்ந்தது. சேஸிதான் பொறந்ததுலேருந்து கூட வருது" என்பாய். எண்ணை அரைத்துவிட்டு வேறு எண் அடித்த வண்டியைக் கண்டால் உனக்கு முகம் சிவந்துவிடும். இலக்கங்களின் இடைவெளி, ஆழம், நான்கின் மூலை, எதை வைத்தும் கண்டுபிடித்துவிடுவாய். திருமங்கலத்தில் ஒரு வியாபாரி அப்படி ஒன்றை நம் தலையில் கட்டப் பார்த்தபோது நீ அவர் கொடுத்த டீயைக்கூடத் தொடவில்லை. வெளியே வந்து சொன்னாய்: "நம்பர அழிக்கிறவன் ஒருநா ஆளையும் அழிப்பான் மாப்ள." நான் வண்டியைக் கிளப்பினேன். அன்று வழக்கமான டீக்கடையில் நிறுத்தாமல் நேரே வீட்டுக்கு ஓட்டினேன், ஏன் என்று நீ கேட்கவில்லை.

ஏனென்றால் மாப்ள, என் இருபத்தேழாவது வயதில் டவுனில் ஒரு பட்டறையில் எனக்கு அதுதான் வேலை. எண் தேய்ந்துபோன வண்டிக்கு ஆபீசில் அனுமதி வாங்கி, இருந்த எண்ணையே திரும்ப அடிப்பது சட்டப்படியான வேலை. அதையும் செய்தோம். அனுமதி இல்லாத வேலையையும் செய்தோம். ஆர்.சி. பேப்பர் இருக்கும் வண்டி இற்றுப்போயிருக்கும், ஓடுகிற வண்டிக்குப் பேப்பர் இருக்காது. செத்த வண்டியின் எண்ணை ஓடுகிற வண்டியில் அடித்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். என் கை சுத்தமாக இருக்கும் என்று பேர். பத்து வண்டி இருக்கலாம், பதினைந்தும் இருக்கலாம். அவை இந்தச் சுற்று வட்டாரத்தில்தான் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கின்றன, அல்லது நிற்கின்றன.

கீழக்குயில்குடிக்குப் பின்னால் அந்தச் செங்கல் சூளையில் நீ கண்டுபிடித்த லாரியைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கல் குவாரிக்காரர் கொண்டுவந்தது. அவரிடம் ஒரே மாதிரி இரண்டு இருந்தன. அதில் நல்ல பேப்பர் இருந்த வண்டி நசுங்கிப்போயிற்று. அதன் எஞ்சினை இதில் இறக்கினோம். அதன் சேஸி எண்ணை இதில் நான் அடித்தேன்.

நீ குனிந்து சேஸி எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்தாய். எழுந்துபோய் எஞ்சின் எண்ணை எடுத்தாய். நோட்டைப் புரட்டினாய். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாய்.

"மாப்ள! சேஸியும் எஞ்சினும் ஒரே மாசம். ரெண்டும் நாப்பத்து நாலு. எம்புட்டு வண்டி பாத்துட்டோம், ஒண்ணாச்சும் இப்படி இருந்துச்சா? இது பொறந்த மேனிக்கு நிக்குது மாப்ள!"

ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? இரண்டு எண்ணும் செத்துப்போன அந்த இன்னொரு வண்டியுடையவை. எஞ்சினை நம்பாதே என்று வருஷக்கணக்கில் சொல்லிவந்தவன், இரண்டும் ஒத்துப்போனது என்பதற்காகவே இரண்டையும் நம்பிவிட்டாய். உன்னைப் போல எண்களோடு வாழ்ந்தவனைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு வெட்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் உண்டு, அதை எழுதவே கூசுகிறது. நீ அந்த எண்ணின் மேல் விரலை ஓட்டி, "தொழிற்சாலை அடின்னா இதான் மாப்ள அடி, பாரு" என்றாய். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. உன்னையே ஏமாற்றிவிட்டதே என் கை என்று. அந்தப் பெருமையில் ஒரு நிமிஷம் வாயை மூடியிருந்தேன். அந்த நிமிஷம் தாண்டியபின் சொல்வது கஷ்டமாகிவிட்டது. பிறகு நீ அதை வாங்கினாய், மூன்று வருஷம் என் ஷெட்டிலேயே வைத்துச் சரிசெய்தோம், ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கொஞ்சம் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று.

ஒரே ஒரு தடவை நீயே நெருங்கி வந்தாய். ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு இழுப்பைக் கொண்டுபோகும் முழங்கை நீள இரும்பு இருக்கிறதே, டிராப் ஆர்ம், அதைக் கழற்றித் துடைக்கும்போது புருவத்தைச் சுருக்கினாய். "இது முந்துன மாடல் ஆர்ம் மாதிரி இருக்கு. நாப்பத்து நாலுல தடிமனா வருமே" என்றாய். நான் கிரீஸ் டப்பாவை எடுக்கப் போனேன். நான் திரும்பி வருவதற்குள் நீயே பதிலும் கண்டுபிடித்துவிட்டாய்: "பட்டாளத்து ஒர்க்ஷாப்ல கையில கெடச்சத மாட்டியிருப்பாங்க." எண் சரியாக இருந்ததால் இரும்பு சொன்னதை நீ நம்பவில்லை.

அப்புறம் அந்தக் காகிதம் வந்தது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றைக் காலி செய்தபோது, மூட்டை கட்டிய தஸ்தாவேஜுகளில் நீ பொறுக்கியெடுத்த பட்டாளத்து ஒர்க்ஷாப் உத்தரவு. இந்த எண்ணிலிருந்து இந்த எண்வரை உள்ள சேஸிகளின் டிராப் ஆர்மை உடனே கழற்றி எறிய வேண்டும், வளைவில் உள்ளே விரிசல் இருக்கும், வெளியே தெரியாது, மாற்றும்வரை பாரத்தோடு ஓட்டக் கூடாது என்று இருந்தது. நாற்பத்திரண்டில் செய்த வண்டிகள். மறுநாளே நோட்டைப் பரப்பி வைத்து அந்த எல்லைக்குள் விழும் எண்களைத் தேட ஆரம்பித்தாய். இரண்டு கிடைத்தன. இரண்டுமே உருப்படியாக இல்லை, பழைய ஆபீஸ் காகிதத்தில் எண் மட்டும் மிஞ்சியிருந்தது.

அதில் ஒன்றில் கிளீனராக இருந்தவரை உசிலம்பட்டிப் பக்கம் தேடிப் பிடித்தோம். எண்பது வயது. வலது கால் மடங்காது. மலையிலிருந்து கட்டை ஏற்றி இறங்கும்போது வளைவில் வண்டி நேராகப் போய்விட்டதாம்.

"டைவரு ஸ்டீரிங்க ஒடிச்சாரு தம்பி. அது சும்மா சுத்துச்சு. சக்கரம் கையில இருக்கு, வண்டி அவரு பேச்சக் கேக்கல. எம் மொகத்தப் பாத்தாரு. அம்புட்டுத்தான்" என்றார். வண்டியில் ஏதோ பிடித்திருந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம், எலுமிச்சம்பழம் கட்டி ஓட்டியும் அது விடவில்லையாம். மற்றதும் அதே கதைதான் என்று பிறகு கேள்விப்பட்டோம். வளைவு, நேராகப் போன வண்டி.

திரும்பி வரும் வழியில் நீ வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி அந்தக் காகிதத்தை மறுபடி பார்த்தாய். பிறகு பெருமூச்சு விட்டுச் சிரித்தாய். "நம்ம வண்டி தப்பிச்சிருச்சு மாப்ள. இது ரெண்டு வருசம் பிந்துனது. அந்தச் சனியன் புடிச்ச கூட்டத்துல நம்மது இல்ல." நம் வண்டியில் நான் அரைத்துப்போட்ட எண் எது என்று எனக்கே தெரியாது. அந்த வயதில் யார் அதைக் கவனித்தார்கள்? அந்தக் கூட்டத்தில் இல்லாமலும் இருக்கலாம். இல்லாமல்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் கப்பலூரிலேயே ஒரு ஃபோர்ஜிங் பட்டறையில் நல்ல இரும்பில் புது டிராப் ஆர்ம் செய்யக் கொடுத்தேன். உனக்குத் தெரியாமல் மாட்டிவிடுவது என்று திட்டம். உண்மையையும் சொல்ல வேண்டாம், நீயும் பிழைத்துக்கொள்வாய். கெட்டிக்காரன் இல்லையா நான்!

ஆர்ம் தயாராகி என் மேஜைமேல் வந்து உட்கார்ந்த அன்றைக்கு, நீ வண்டியைப் பரவைக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தாய். சினிமாக்காரர்கள் சமணர் மலை அடிவாரத்தில் பட்டாளக் காட்சி எடுக்கிறார்கள், உன் லாரியைக் கேட்டிருக்கிறார்கள். உனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் போன் செய்து, "ஒரு சின்ன வேலை இருக்கு மாப்ள, ஷெட்டுக்குக் கொண்டா" என்றேன். "என்ன வேலை?" என்றாய். கிரீஸ் அடிக்கணும் என்றேன். "சூட்டிங் முடியட்டும், கொண்டாரேன்" என்றாய். மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாள், ஆர்மை ஒரு சாக்கில் சுற்றி வண்டியில் வைத்தேன், உன் வீட்டுக்கே போய் மாட்டிவிடலாம் என்று. பாதிவழியில் திரும்பிவிட்டேன். எதற்கு மாற்றுகிறாய் என்று கேட்பாயே, என்ன பதில் சொல்வது? மூன்று நாள் மாப்ள. மூன்று நாள் அந்த இரும்பு என்னிடம் சும்மா கிடந்தது.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. கண்மாய்க் கரை திரும்புமிடத்தில் வண்டி நேராகப் போய் உள்ளே கவிழ்ந்துவிட்டது என்றார்கள். ஒத்திகை என்பதால் நீ மட்டும்தான் இருந்தாய். பட்டாள வேஷம் போட்ட பதினெட்டுப் பேர் புளியமரத்தடியில் டீ குடித்துக்கொண்டு, அடுத்த நடைக்குப் பின்னால் ஏறக் காத்திருந்தார்கள். அவர்கள் முகங்களை இன்றைக்கும் என்னால் ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும்.

உன்னைக் கரையில் கிடத்தி ஒரு பச்சைத் தார்ப்பாயைப் போர்த்தியிருந்தார்கள். நான் முதலில் உன்னிடம் வரவில்லை மாப்ள. கண்மாய்க்குள் இறங்கி, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். டிராப் ஆர்ம் வளைவில் இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் முக்கால்வாசி கறுத்த பழைய துரு. கால்வாசி மட்டும் வெள்ளையாகப் பளபளத்தது. அந்தக் கால்வாசிதான் இத்தனை காலம் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலேறி வந்து உன் முகத்தைப் பார்த்தேன்.

வண்டியைச் சோதிக்க வந்தவர், கவிழ்ந்ததில்தான் ஆர்ம் முறிந்தது என்று எழுதினார். துருவை அவர் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை. உனக்குச் சர்க்கரை இருந்தது எல்லோருக்கும் தெரியும். காலையில் சாப்பிடாமல் வந்தாய், முகம் வாடியிருந்தது என்று யாரோ சொன்னார்கள். மயக்கம் வந்திருக்கும் என்று முடிவாயிற்று. ஊர் முழுக்க அதையே சொன்னது, நானும் தலையாட்டினேன்.

ஒரு மாதம் கழித்து வண்டியை இழுத்து வந்து என் ஷெட்டில் போட்டார்கள். ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, சேஸியில் எண் இருந்த இடத்தைக் கண்ணாடிபோலத் தேய்த்து, பஞ்சில் ஆசிட்டைத் தொட்டு மெதுவாகத் துடைத்தேன். எண்ணை அரைத்துவிட்டாலும் அடி வாங்கிய இரும்புக்குள் அந்த வடு இருக்கும், ஆசிட் பட்டால் மேலே வரும். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். கால்மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு நான் அடித்த எண்களுக்கு நடுவில் வேறு எண்கள் சாம்பல் நிறத்தில் எழ ஆரம்பித்தன. முதலில் ஒரு மூன்று, பிறகு ஒரு ஏழு. முழு எண்ணும் தெரிந்ததும் அந்த ஒர்க்ஷாப் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லைக்குள்தான் இருந்தது. சரிபார்த்து நிமிர்வதற்குள் ஆசிட் காய்ந்து எண்கள் மறுபடி உள்ளே போய்விட்டன. நான் அடித்த எண் மட்டும் பழையபடி அழகாக நின்றது.

இதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்திருக்கவும் முடியும், உன் சாவை மட்டும் சுமப்பது என்றால். ஆனால் தங்கச்சி இருக்கிறாளே.

அன்று விடிகாலையில் அவள் இட்லி ஊற்றித் தூக்குச்சட்டியில் கட்டி வைத்திருக்கிறாள். நீ அவசரத்தில் அதை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். சூட்டிங்கில் போடுவார்கள் என்று நினைத்தாயோ என்னவோ. வாசல்வரை ஓடிவந்து கூப்பிட்டேன், இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டாள். அதற்குப் பதில் காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். "அவரு வெறும் வயித்தோட போனாருண்ணே" என்றாள் ஒருநாள் என்னிடம். மத்தியானம்வரை பச்சைத் தண்ணீரும் காப்பியும்தான். ஆள் பாதியாகிவிட்டாள். இரண்டு வருஷம் நான்கு மாதமாக ஒவ்வொரு காலையும், எங்கே இருந்தாலும், ஒன்பது மணி ஆனால் எனக்குத் தெரியும், அவள் என் பொய்யை நம்பிப் பட்டினி கிடக்கிறாள் என்று.

நேற்று முருகேசனின் வண்டியில் என் எண்ணைத் தொட்ட விரலை எடுக்க முடியவில்லை. "என்னண்ணே, எந்த வருசம்?" என்றான். "தெரியாது. இது பொய் நம்பர். நான் அடிச்சது" என்றேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அவன் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தான். "அண்ணே, மெதுவாப் பேசுங்க. பேப்பரெல்லாம் எம் பேருக்கு மாத்தியாச்சு" என்றான். "பேப்பரு கெடக்கட்டும். ஆபீசுல நானே வந்து சொல்றேன். மொதல்ல அந்த டிராப் ஆர்மக் கழட்டு. இருபது பேர ஏத்தப் போறேங்குற" என்றேன். அவன் முறைத்தான், ஆனால் கழற்றினான். அதுவும் நம் வண்டி மாடல்தான், சாக்குத் துணியில் கிடந்த புது ஆர்மைக் கொண்டுவந்து நானே மாட்டினேன். உனக்காகச் செய்தது அவன் வண்டிக்குப் போய்விட்டது. இன்னும் என் எண் எத்தனை வண்டியில் இருக்கிறதோ, ஒவ்வொன்றாகத் தேடிப் போக வேண்டும்.

இன்று காலை எட்டரைக்கெல்லாம் பரவையில் உன் வீட்டு வாசலில் நின்றேன்.

"வாங்கண்ணே. என்ன இந்நேரத்துக்கு? உக்காருங்க, காப்பி போட்டுக் கொண்டாரேன்" என்றாள் தங்கச்சி.

"காப்பி அப்புறம். நீ முதல்ல உக்காரு" என்றேன்.

இந்தக் கடிதத்தில் எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. முடித்தபின் முந்தானையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப, அவருக்கு மயக்கம் வரல" என்றாள்.

"வரல தங்கச்சி. நீ குடுத்து அவன் சாப்பிட்டிருந்தாலும் இதேதான்."

"அந்தப் புதுச் சாமான் என்னைக்குத் தயாராச்சு?"

அதைத்தான் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "மூணு நாளைக்கு முன்னாடி" என்றேன்.

"மூணு நாளா எதுக்கு வச்சிருந்தீங்க?"

"மாட்டுனா ஏன்னு கேப்பான். அதான்."

அவள் எழுந்து அடுப்படிக்குள் போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். பாத்திரச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் மூன்று இட்லியும் சட்னியும் வைத்துக்கொண்டு வந்து, எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். மணி ஒன்பது ஆகவில்லை. ஒவ்வொரு வாயும் விழுங்கக் கஷ்டப்பட்டாள், ஆனால் நிறுத்தவில்லை. உன் வீட்டில் இத்தனை வருஷத்தில் யாரும் என் முன்னால் தட்டோடு உட்கார்ந்து, நீங்களும் சாப்பிடுங்கண்ணே என்று சொல்லாமல் இருந்ததில்லை. இன்று அவள் சொல்லவில்லை. போட்டுக் கொண்டுவருகிறேன் என்ற காப்பியும் வரவில்லை. மூன்று இட்லியும் தீரும்வரை நான் எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

கை கழுவிவிட்டு வந்தாள். "போலீசுக்குப் போறதா, ஆபீசுக்குப் போறதான்னு பவித்ரா சொல்லட்டும். ஞாயித்துக்கிழம கோயம்புத்தூர்லேருந்து வருவா. அவகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள். அண்ணே என்று சேர்க்கவில்லை. நான் வருகிறேன் என்று சொல்லாமல் செருப்பை மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இன்னொரு தடவை மூன்று நாள் வைத்திருக்க என்னால் முடியாது மாப்ள. நேரே ஆரப்பாளையம் வந்து, கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுத்து, பஸ்ஸுக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதி முடிக்கிறேன். பவித்ரா ஆபீஸ் விட்டு வெளியே வரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். என்னைப் பார்த்ததும் மாமா என்று ஓடி வருவாள், அது ஒன்றுதான் பயமாக இருக்கிறது. அவள் கையைப் பிடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். அம்மா இன்று காலையில் சாப்பிட்டாள் என்று ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். ஏன் என்று அவள் கேட்பாள்.